ஆலோசனை மையத்தில் தொண்டு செய்யப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் ஆலோசனை மையம் என்றால் ஏர்கோன், கண்ணாடிக் கதவு, டோக்கன் மெஷின் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு வராதீர்கள். கோயில் மண்டபத்தின் ஒரு பக்கமாக இருக்கும், அல்லது கடைவரிசையின் மேல்மாடியில் ஒரு அறை. இரண்டு மேசை, ஒரு பிரிண்டர், சனிக்கிழமை காலையில் கதவு திறப்பதற்கு முன்பே படிக்கட்டில் பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருக்கும் ஆட்கள். அந்தப் பைக்குள் ஐசி (அடையாள அட்டை) நகல், பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, பேங்க் கடிதம், கோர்ட்டு சம்மன் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அதில் பாதிக் கடிதம் பிரிக்காமலே இருக்கும், ஏனென்றால் எல்லாம் அரசாங்க மலாயில் வந்தது, படித்துச் சொல்ல வேண்டிய பிள்ளை ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருக்கிறது.

தொண்டு செய்ய வருகிறவர்கள் முதலில் சொல்வது, "எனக்குச் சட்டமெல்லாம் தெரியாதே." தெரிய வேண்டாம். உண்மையில் கொஞ்சம் தெரிந்து நிறைய பேசுகிறவர்தான் மையத்துக்குப் பெரிய தலைவலி. மேசைக்கு வேண்டியது மூன்று பழக்கம்: தாளைத் தேதி வாரியாக அடுக்குவது, கேட்டதைக் கேட்டபடி எழுதிவைப்பது, சொன்ன நாளில் திரும்பப் போன் பண்ணுவது. இது மூன்றும் வந்துவிட்டால் மற்றதை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் எந்த மையம் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நம் ஊர்களில் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையம் இருக்கும், சட்டமன்ற உறுப்பினரின் மையம் இருக்கும், கோயில் நிர்வாகம் நடத்துவது இருக்கும், அரசு சாரா இயக்கங்கள் மாதத்துக்கு ஒரு முறை வந்து உட்காருவதும் இருக்கும். டிஹெச்ஆர்ஆர்ஏ மலேசியா மாதிரி, குடியுரிமை இல்லாதவர்களுக்காக வேலை செய்யும் அமைப்புகளும் உண்டு. எதில் சேர்ந்தாலும் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள், கேட்பதில் வெட்கமே வேண்டாம். சங்கப் பதிவிலாகாவில் பதிவு செய்திருக்கிறீர்களா? வருகிறவர்களிடம் காசு வாங்குகிறீர்களா? ஐசி நகல்களை எங்கே வைக்கிறீர்கள்? உங்களால் முடியாத கேஸை யாரிடம் அனுப்புகிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு "நாங்களே எல்லாம் பார்த்துக்கொள்வோம்" என்று பதில் வந்தால் நான் அங்கே சேர மாட்டேன். கட்சி மையத்தில் தொண்டு செய்வதில் தப்பில்லை, நல்ல வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பாரத்தை (படிவத்தை) நிரப்புவதற்கு முன்னால் "எந்தக் கிளை?" என்று கேட்கும் இடமாக இருந்தால் நாசூக்காக ஒதுங்கிவிடுங்கள்.

சரி, என்ன வேலை செய்யலாம்? தொண்டர் என்றாலே ஆலோசகர் என்று நினைக்கிறார்கள். இல்லை. வாசல் மேசையில் பேர் எழுதி, என்ன விஷயம் என்று ஒரே வரியில் குறித்து, வரிசையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், இதற்குப் பொறுமையான ஒரு அக்காவைப் போல யாரும் வர மாட்டார்கள். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவப் பரீட்சை) முடித்த பிள்ளைகள் பாரம் நிரப்பலாம், மலாய் சரளமாக வரும், ஆன்லைன் வேலையும் கைவந்தது. தோட்டத்து ஆபீசில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்து ஓய்வு பெற்றவர்கள், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் கடிதம் எழுதலாம், பழைய சம்பளப் புத்தகத்தை வாசித்துக் கணக்குச் சொல்ல அவர்களை விட்டால் ஆள் கிடையாது. கார் வைத்திருப்பவர்கள் ஈப்போவுக்கோ குவாலா கங்சாருக்கோ ஒரு பாட்டியைக் கூட்டிக்கொண்டு போய், கவுண்டரில் பக்கத்தில் நின்று, திரும்பக் கொண்டுவந்து விடலாம். பஸ்ஸில் போனால் அவருக்கு ஒரு முழு நாளும் ஒரு நாள் கூலியும் போய்விடும்.

யாரும் விரும்பி எடுக்காத வேலை ஒன்று இருக்கிறது: பின்தொடர்வது. மூன்று வாரத்துக்கு முன்னால் மனு அனுப்பினோமே, பதில் வந்ததா, வரவில்லை என்றால் எந்த ஆபீசர், கோப்பு எண் என்ன என்று போன் பண்ணிப் பண்ணிக் கேட்பது. பெருமை கிடையாது, படம் எடுத்துப் போட முடியாது. ஆனால் மையத்தில் தேங்கிக் கிடக்கும் கேஸில் பெரும்பகுதி அறிவு இல்லாமல் தேங்கவில்லை, யாரும் போன் பண்ணாமல் தேங்கியிருக்கிறது. வீட்டை விட்டு வர முடியாதவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். மையத்தின் போனையும் கோப்புப் பட்டியலையும் வாங்கிக்கொண்டு வாரத்தில் ஒரு காலை உட்கார்ந்தால் போதும்.

எவ்வளவு நேரம் தர முடியும் என்பதைக் குறைத்தே சொல்லுங்கள். உற்சாகத்தில் "எல்லா சனிக்கிழமையும் வருவேன்" என்று சொல்லிவிட்டு தீபாவளிக்கு அப்புறம் காணாமல் போகிறவரைவிட, மாதத்தில் இரண்டே இரண்டு சனிக்கிழமை, ஆனால் கட்டாயம் வருகிறவர் மேல். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் அந்தப் பாட்டி தன் கதையை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும், நாலாவது முறை அவர் வரவே மாட்டார்.

முதல் சில வாரம் பழைய தொண்டர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள். அப்புறம் நீங்கள் பேசும்போது, வந்தவர் தன் கதையை எங்கிருந்து ஆரம்பித்தாலும் விட்டுவிடுங்கள். சம்பளப் பிரச்சினைக்கு வந்தவர் மாமியார் வீட்டிலிருந்து ஆரம்பிப்பார், ஐந்து நிமிடத்தில் விஷயத்துக்கு வந்துவிடுவார். குறுக்கே புகுந்து கேள்வி கேட்டால் முக்கியமானதை முழுங்கிவிடுவார். அவர் முடித்த பிறகு பையை வாங்கி, எல்லாத் தாளையும் மேசையில் போட்டு, பழையது கீழே புதியது மேலே என்று அடுக்குங்கள். அப்போதுதான் அவர் சொல்லாத விஷயம் தெரியும். பெரும்பாலும் அது ஒரு தேதியாக இருக்கும்.

தேதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தொண்டர் கற்றுக்கொள்ள வேண்டியதில் இதுதான் பெரியது. ஒருவரைக் காரணமில்லாமல் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவுப்படி, திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லித் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க அவருக்கு 60 நாள்தான் இருக்கிறது. வேலை நின்ற நாளிலிருந்து 60 நாள். நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? முதல் மாதம் மேனேஜரிடம் கெஞ்சுவார்கள், இரண்டாம் மாதம் தெரிந்தவர் மூலம் பேசுவார்கள், அதற்கு அப்புறம்தான் மையத்துக்கு வருவார்கள். அதனால் வாசல் மேசையில் இருப்பவர் "வேலை போச்சு" என்ற வார்த்தையைக் கேட்டவுடன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "எந்தத் தேதியில்ணே நிறுத்தினாங்க?" 50 நாள் ஓடிவிட்டது என்றால் அவர் வரிசையில் நிற்கக்கூடாது, நேராக உள்ளே அனுப்புங்கள்.

சம்பளமே பாக்கி, ஓடி (கூடுதல் நேரச் சம்பளம்) சரியாகத் தரவில்லை என்றால் அது வேறு கதவு. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்க வேண்டும், வழக்கறிஞர் இல்லாமலே விசாரிப்பார்கள். குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்); ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2025 பிப்ரவரியிலிருந்தும், சின்ன இடங்களில் அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்தும் நடப்பில் இருக்கிறது. ஒட்டுக்கடையில், கார் கழுவும் இடத்தில், நர்சரியில் வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். சிரித்தாலும் சொல்லிவைப்பது நம் கடமை.

தோட்டம் விற்கப்பட்டு, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்து, ஒரே தோட்டத்திலிருந்து வேன் பிடித்துக் கூட்டமாக வருகிறவர்கள் உண்டு. அப்போது தனித்தனியாகப் பாரம் நிரப்ப ஆரம்பிக்காதீர்கள், எல்லாரையும் உட்காரவைத்து ஒரே பட்டியல் போடுங்கள்: பேர், வேலைக்குச் சேர்ந்த தேதி, கடைசிச் சம்பளம், வீட்டில் எத்தனை பேர். 1980-ஆம் ஆண்டு வேலைநீக்க இழப்பீட்டு விதிகளின்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் என்றால் 15 நாள், ஒன்றிலிருந்து இரண்டு வருடத்துக்குள் என்றால் 10 நாள். 12 வருடம் பால்மரம் சீவியவருக்கு 240 நாள் சம்பளம் ஆகிறது, சின்னத் தொகை இல்லை. சேர்ந்த தேதியில் ஒரு வருடம் குறைந்தாலும் காசு குறையும். அதனால்தான் அந்தப் பழைய கிராணி நமக்கு வேண்டும். பழைய சேமநிதி அறிக்கை, தொழிற்சங்கச் சந்தா ரசீது, ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த தோட்டத்துக் கடிதம் எது இருந்தாலும் தேதிக்குச் சாட்சியாகும். கையெழுத்துப் போடச் சொல்லி நிர்வாகம் கொடுத்த தாள் எதுவாக இருந்தாலும், வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

அடையாள ஆவணப் பிரச்சினை இன்னொரு உலகம். கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது, ஊரே சாப்பிட்டுவிட்டுப் போனது, ஆனால் பதிவு செய்யவில்லை. 1976-ஆம் ஆண்டு திருமண, விவாகரத்துச் சட்டம் 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்ததிலிருந்து பதிவு இல்லாத கல்யாணத்தைச் சட்டம் ஏற்பதில்லை, அப்படிப் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான் வரும். தாய்க்குச் சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அட்டை) என்றாலோ, தாய் வெளிநாட்டுக்காரர் என்றாலோ அந்தப் பிள்ளை பள்ளிக்கூட வாசலிலேயே தடுமாறும். பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும், தாண்டினால் தாமதப் பதிவு, அதற்கு இன்னும் அதிகமான தாளும் சாட்சியும் கேட்பார்கள். 2011-இல் மைடாஃப்தார் என்று அரசாங்கம் தோட்டம் தோட்டமாக வந்து மனு வாங்கியது, அப்போது கொடுத்த ரசீதை இன்னும் பத்திரமாக வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, அந்த ரசீதைத் தூக்கிப் போடாமல் நகல் எடுங்கள். அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் பிள்ளைகளுக்காக மனுச் செய்யலாம், ஆனால் வயது வரம்பு இருக்கிறது, 21 என்றிருந்ததை 18 ஆகக் குறைக்கும் திருத்தத்தை நாடாளுமன்ற மக்களவை 2024 அக்டோபரில் நிறைவேற்றியது. ஆக பிள்ளையின் வயதை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். இந்த கேஸ்களை தொண்டர் தனியாகத் தூக்கக்கூடாது. தாள்களைச் சேர்த்து, குடும்ப மரம் ஒன்றை வரைந்து, அனுபவமுள்ள அமைப்பிடம் ஒப்படைப்பதுதான் நம் பங்கு. வருடக்கணக்கில் இழுக்கும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி), சேமநிதி, சமூக நல உதவி, எஸ்டிஆர் (அரசாங்க ரொக்க உதவி) எல்லாம் தினசரிச் சாப்பாடு மாதிரி வந்துகொண்டே இருக்கும், பாரங்கள் சீக்கிரம் பழகிவிடும். இரண்டு விஷயம் மட்டும் மறக்காதீர்கள். மோட்டாரில் வேலைக்குப் போகும் வழியில் விழுந்தாலும் சொக்சோ உண்டு, பலருக்கு இது தெரியாது, வேலை இடத்தில் அடிபட்டால்தான் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சேமநிதிக்கு வருகிறவரிடம் வாரிசுப் பெயர் யார் என்று கேளுங்கள், பாதிப் பேர் கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக்கொடுத்த அம்மா பெயரையே வைத்திருப்பார்கள், அந்த அம்மா இறந்தே பல வருடம் ஆகியிருக்கும்.

கடன் விஷயத்தில் தொண்டர்கள் உணர்ச்சிவசப்படுவார்கள். உங்கள் காசைக் கொடுக்காதீர்கள், ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள், ஆலோங்கிடம் (லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரரிடம்) போய்ப் பேரம் பேசவே பேசாதீர்கள். பேங்க் கடன், கார் கடன், கிரெடிட் கார்டு என்றால் பேங்க் நெகாரா 2006-இல் ஆரம்பித்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு இருக்கிறது, ஆலோசனை இலவசம், தவணையை மாற்றியமைத்துத் தருவார்கள். லைசென்ஸ் உள்ள வட்டிக் கடைகூட அடமானம் இல்லாத கடனுக்கு வருடத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது. மிரட்டல் வந்தால் போலீஸ் ரிப்போர்ட், நீங்கள் செய்யக்கூடியது பக்கத்தில் நிற்பது. போனில் ஏமாந்து பேங்க் காசு போய்விட்டது என்று யாராவது ஓடிவந்தால் கதை கேட்டுக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே 997-க்கு (மோசடிப் புகார் எண்) அடிக்கச் சொல்லுங்கள். வாங்கிய பொருள் பழுது, கடைக்காரர் திருப்பித் தர மாட்டேன் என்கிறார் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம்: 5 வெள்ளிக் கட்டணம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. புதுத் தொண்டர் முழுதாகத் தானே எடுத்து முடிக்க இதைவிட நல்ல கேஸ் கிடையாது.

எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரிய வேண்டும். வழக்கறிஞர் அல்லாதவர் வழக்கறிஞர் வேலை பார்ப்பது 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி குற்றம். "கேஸ் ஜெயிக்கும்" என்று சொல்லாதீர்கள், ஒப்பந்தம் எழுதித் தராதீர்கள், உயிலும் எழுதாதீர்கள். விவாகரத்து, ஜீவனாம்சம், சொத்து என்றால் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் ஈப்போவில் இருக்கின்றன. யாரையாவது போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்றால் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. இந்த எண்களை ஒரு அட்டையில் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிடுங்கள்.

வீட்டில் அடி வாங்கிய பெண் வந்தால் நம் ஊர்ப் பழக்கம் உடனே தலைகாட்டும். "பெரியவங்களைக் கூப்பிட்டுப் பேசி முடிச்சிடலாம்மா." செய்யாதீர்கள். சமரசம் பேசுவது தொண்டர் வேலை இல்லை, அந்தப் பேச்சுக்குப் பிறகு அவர் அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவு, போலீஸ், சமூக நல இலாகா, இந்த மூன்றில் எதற்குப் போனாலும் மற்ற கதவுகள் திறக்கும். 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் சமூக நல அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்க முடியும், கோர்ட்டு திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் 15999-ஐ இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். சாகணும்போல இருக்கு என்று யாராவது சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள், தனியாகவும் விடாதீர்கள், மனம் உடைந்தவர்களிடம் போனில் பேசும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-76272929.

சின்ன ஊரில் ரகசியம் காப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். வரிசையில் நிற்கிறவர் உங்கள் சித்தப்பா மச்சானாக இருப்பார், அடுத்த நாள் சந்தையில் அவர் மனைவியைப் பார்ப்பீர்கள், "அன்னைக்கு எதுக்கு வந்தாரு?" என்று அவர் கேட்பார். "மையத்து விஷயம் வெளியே பேசறதில்லக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகுங்கள், இரண்டு மூன்று முறை சொன்னால் கேட்க மாட்டார்கள். உறவினர் கேஸை நீங்கள் எடுக்காதீர்கள், வேறொருவரிடம் கொடுத்துவிட்டு எழுந்துவிடுங்கள். நாற்காலியைத் திருப்பிப் போட்டால் வரிசையில் இருப்பவர்களுக்கு முகம் தெரியாது, மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்தால் பேச்சும் கேட்காது. ஐசி நகலின் குறுக்கே எந்த இலாகாவுக்கு, என்ன தேதி என்று எழுதிக் கோடு போடுங்கள். அசலை உடனே கையில் திருப்பிக் கொடுங்கள். யாருடைய பாஸ்வேர்டையும் உங்கள் போனில் வைக்காதீர்கள், ஓடிபி வந்தால் அவரே பார்த்து அவரே தட்டட்டும், நேரமானாலும் பரவாயில்லை. கேஸ் தாளைப் படம் பிடித்து தொண்டர் வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் எல்லா மையத்திலும் இருக்கிறது, முதல் நாளே அதற்கு நீங்கள் தடை சொன்னால் கொஞ்சம் கோபப்படுவார்கள், படட்டும்.

காரியம் முடிந்த சந்தோஷத்தில் ரம்புத்தான், கோழி, சில சமயம் உறையில் வைத்த காசு வரும். பழத்தை எல்லாரும் சேர்ந்து சாப்பிடுங்கள், காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "டீ குடிக்கத்தான் தம்பி" என்பார்கள், டீ வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: பல்கலைக்கழக மனுவுக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதற்காக வந்தாலும் பரவாயில்லை, சேரும்போதே சொல்லிவிடுங்கள், எத்தனை மாதம் இருப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அதற்குத் தகுந்த வேலையைக் கொடுப்பார்கள். பாதி வழியில் நிற்கும் குடியுரிமை கேஸை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.

விலகும்போது வாட்ஸ்அப்பில் "நன்றி அனைவருக்கும்" போட்டுவிட்டுக் குழுவை விட்டு வெளியேறுவது போதாது. உங்கள் பேரில் திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்பிலும் கடைசியாக யாரிடம் பேசினீர்கள், அடுத்த தேதி எது, எந்தத் தாள் இன்னும் வரவில்லை என்று எழுதி, அடுத்த தொண்டரை உட்காரவைத்து, சம்பந்தப்பட்டவருக்கு அவர் முன்னாலேயே போன் போட்டு, "பாட்டி, இனிமே இந்தத் தம்பிதான் உங்களைக் கூப்பிடுவாரு, நம்பரை எழுதி வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.